நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வழிகாட்டித் தாள் போதும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் சுற்றுலா அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற நடத்துநர். தனியார் பேருந்துகளில் 31 வருஷம் பை மாட்டியவன். அணைக்கட்டு, ஒடுகத்தூர், அமிர்தி, குடியாத்தம், பொன்னை, ஆலங்காயம் என்று இந்தப் பக்கத்துப் பாதைகளில் நான் போகாதவை குறைவு.

எந்த ஊரில் என்ன விளையும், எந்த மாதம் எங்கே என்ன விசேஷம் என்பதெல்லாம் வண்டியில் ஏறுகிற லக்கேஜைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. ஆவணி பிறந்தால் மலையடிவார வண்டிகளில் சீத்தாப்பழக் கூடை ஏறும். மழைக்காலம் முடியும்போது சாமை மூட்டை. பங்குனியில் கூரை மேல் கூத்துப் பெட்டி. செவ்வாய்க்கிழமை என்றால் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள், தோளில் கயிறும் துண்டுமாக. வெள்ளிக்கிழமை விடிகாலையில் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை. காலண்டர் பார்க்காமல் கிழமை சொல்லிவிடலாம்.

இந்த மடலை எழுதக் காரணம், வெளியூர்க்காரர்களின் கையில் நான் பார்க்கிற வழிகாட்டித் தாள்கள். எல்லாவற்றிலும் வேலூர் என்றால் கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோயில், ஏலகிரி. இவ்வளவுதான். மூன்றும் பார்க்க வேண்டிய இடங்களே, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர்களை மக்கள் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்காமல் நெடுஞ்சாலையில் கடந்து போகிறார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் இந்த மண்ணைத் தெரிந்துகொள்ள நல்ல வழி இங்கே சாப்பிடுவதுதான். ஒரு காயை, ஒரு தானியத்தைக் கையில் எடுத்து "இது எங்கே விளைகிறது?" என்று கேட்டால் போதும், மலை, ஆறு, கோயில், கூத்து எல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், இந்த வழிகள் ஒரு மாவட்டத்துக்குள் முடிவதில்லை. ஒரே வட ஆற்காடாக இருந்தது 1989இல் இரண்டானது. 2019இல் வேலூரே மூன்றாகப் பிரிந்தது. நிர்வாகத்துக்கு அது நல்லதாக இருக்கலாம், சொந்த ஊர் ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்தது என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. ஆனால் சாப்பாட்டுக்கு மாவட்ட எல்லை ஏது? ஆம்பூர்ப் பிரியாணி திருப்பத்தூர் மாவட்டம். அதற்குத் தொட்டுக்கொள்ளப் பொருத்தமான கத்தரிக்காய் விளைவது வேலூர் மாவட்டம். சாப்பிட்டு முடித்து இனிப்புக்கு ஆற்காட்டு மக்கன் பேடா வேண்டுமென்றால் ராணிப்பேட்டை மாவட்டம். ஆளுக்கொரு தாள் அச்சடித்தால் அந்தச் சாப்பாட்டு இலையை மூன்றாகக் கிழித்த மாதிரிதான் இருக்கும்.

கத்தரிக்காயைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி என்று ஊர். அங்கே விளைவது முள்ளுக் கத்தரி. 2023இல் 'வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தித்தாளில் வந்தது, எல்லோரும் படித்தார்கள், அப்புறம் மறந்தார்கள். அந்தக் காயைச் செடியில் பார்த்தவர் எத்தனை பேர்? காம்பிலும், மேலே தொப்பி மாதிரி கவிந்திருக்கும் பச்சை இதழிலும் முள் இருக்கும். விடிகாலை முதல் வண்டியில் அந்த மூட்டைகளை ஏற்றும்போது அவசரத்தில் இழுத்தால் சாக்கைத் துளைத்து விரலில் ஏறும். என் வலது கட்டைவிரலில் அப்படி எத்தனை தடவை ஏறியது என்று கணக்கில்லை. மூட்டை போடுகிற அம்மா ஒருவர், "இழுக்காத தம்பி, அடியில கை குடுத்துத் தூக்கு" என்று சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு மத்தியானம் அவர் தூக்குவாளியிலிருந்து எனக்குக் கொஞ்சம் குழம்பும் கிடைத்தது. விதை குறைவு, சதை அதிகம். புளியில் வெந்த பிறகும் காய் குழையவில்லை, வாயில் போட்டதும் கரைந்தது. அதற்குப் பிறகு வேறு கத்தரிக்காயை நான் விரும்பி வாங்கியதில்லை.

ஆம்பூரில் பிரியாணி சாப்பிடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் அரைத்த விழுது, பக்கத்தில் தயிர் வெங்காயமும் கத்தரிக்காயும். ஆற்காட்டு நவாபு காலத்துச் சமையல் வழி வந்தது என்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவிக் காரில் ஏறிவிடுகிறார்கள். அவர்களிடம் யாராவது, "இதோ முக்கால் மணி நேரத் தூரத்தில் இந்தக் கத்தரிக்காயின் முள்ளைத் தொட்டுப் பார்க்கலாம், விவசாயியிடமே வாங்கலாம்" என்று சொன்னால் பத்தில் ஒருவராவது வண்டியைத் திருப்ப மாட்டாரா?

இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலூருக்குச் சிகிச்சைக்காக வருகிறவர்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் கடைகளிலும் வங்காளத்தில் பெயர்ப்பலகை வைக்கும் அளவுக்கு அவர்கள் இந்த ஊரின் ஒரு பகுதி. பரிசோதனை கொடுத்துவிட்டு முடிவுக்காக இரண்டு நாள் காத்திருப்பார்கள். அந்த இரண்டு நாளும் விடுதி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு தை மாதம். ஆம்பூர் வண்டி. கணவனும் மனைவியும் ஏறினார்கள். மனைவிக்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. எங்கே போக வேண்டும் என்று கேட்டால், "ஏதாவது கோயில், கூட்டம் இல்லாமல்" என்று பாதி இந்தியிலும் பாதிக் கையிலும் சொன்னார் கணவர். விரிஞ்சிபுரத்துக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன். சுமார் 14 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் இறங்கி உள்ளே போக வேண்டும். அன்று என் வேலை முறை அங்கேயே முடிந்ததால் நானும் கூடவே இறங்கினேன்.

மார்க்கபந்தீஸ்வரர் கோயில். வழித்துணை நாதர் என்று தமிழில் சொன்னால் பயணத்துக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! "திருவிரிஞ்சை மதிலழகு" என்று பழமொழியே உண்டு. உள்ளே தென்புறத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. பிறைபோலச் செதுக்கி எண்கள் பொறித்திருப்பார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் விழுகிற இடம்தான் நேரம். அந்த அம்மா கீழே கிடந்த ஈர்க்குச்சியை எடுத்து வைத்தார். நிழல் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் விழுந்தது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பத்தே முக்கால். அவர் குச்சியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் அதே இடம். ஏறியதிலிருந்து வாய் திறக்காமல் வந்தவர், கணவரைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். எனக்கு மொழி புரியவில்லை. வெளியே ஒரு வீட்டுத் திண்ணைக் கடையில் மூவரும் இட்லி சாப்பிட்டோம். காரச் சட்னியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இந்த மாதிரி ஒரு காலை வேளையை அவர்களுக்குத் தர என்ன செலவாகும்? பேருந்துச் சீட்டு, இட்லி, ஒரு தாள். அந்தத் தாள் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும். கூட்டம் சேர்க்க எங்கெங்கோ விளம்பரம் செய்கிறோம். ஏற்கனவே நம் ஊரில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் கையில் கொடுக்க ஒன்றும் இல்லை.

மலைக்கு வருகிறேன். ஜவ்வாது மலையையும் மூன்று மாவட்டம் பங்கு போட்டிருக்கிறது. பீஞ்சமந்தை வேலூர் மாவட்டத்தில், காவலூர் திருப்பத்தூரில், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில். அங்கே வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களுக்குக் காலங்காலமாகச் சாமைதான் சோறு. சாமைச் சோற்றை மொச்சைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். அரிசிச் சோறு மாதிரி ஒட்டாமல் உதிரியாக இருக்கும். வயிறு நிறையும், பாரம் தெரியாது. ஆனால் மலைக்கு வருகிற சுற்றுலாக்காரருக்குக் கடைகளில் கிடைப்பது ஃப்ரைடு ரைஸ். சாமை மூட்டையாகக் கீழே இறங்கி, பாக்கெட்டாகச் சென்னைக்குப் போகிறது. விளைந்த இடத்தில் ஒரு தட்டுச் சாமைச் சோறு வாங்க அலைய வேண்டியிருக்கிறது. மலையில் உள்ள மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குச் சனி, ஞாயிறுகளில் சமைத்து விற்க ஒரு கூரையும் தண்ணீர் வசதியும் கொடுத்தாலே இதற்கு வழி பிறக்கும். தேன், புளி, பருவத்தில் பலா, சீத்தா எல்லாம் அவர்களே விற்கட்டும்.

அவர்கள் வீட்டுக்குள் கேமராவோடு நுழைவதைச் சுற்றுலா என்று ஊக்குவிக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பந்தியில் உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிடுகிறவருக்கு மரியாதை தானாக வரும்.

அதே மலையில் ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற பாதையில்தான் காவலூர் வைணு பாப்பு வான்நோக்கு நிலையம். 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி வைத்த தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1977இல், யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதைக் கண்டறிந்தபோது காவலூரிலிருந்து செய்த கவனிப்புக்கும் அதில் பங்கு உண்டு. 1988இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். எங்கள் பாதையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனையோ ஆயிரம் பேர் ஏறி இறங்கியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தாங்கள் தினமும் பார்க்கிற மலைமேல் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இதில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு அங்குள்ள இருட்டு ஒரு முக்கியக் காரணம். சுற்றுலா வளர்ச்சி என்ற பெயரில் அந்தப் பக்கம் உயர்கோபுர விளக்கும் வண்ண விளக்கு வளைவும் வைக்கத் தயவுசெய்து பரிந்துரைக்காதீர்கள். இரவு ஏழு மணிக்கு அங்கே நின்று தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், வேறு அலங்காரம் தேவையில்லை.

வள்ளிமலை. முருகன் கிழவர் வேஷத்தில் வந்து பசிக்கிறது என்று கேட்க, தினைப்புனம் காத்த வள்ளி தேனும் தினைமாவும் பிசைந்து கொடுத்த கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். அந்தக் கதை நடந்ததாக நாம் நம்புகிற மலை காட்பாடி வட்டத்தில் இருக்கிறது. அதே மலையில் சமணக் குகையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உண்டு. கங்க மன்னன் ராஜமல்லன் குகையை நிறுவியதைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. பக்கத்தில் மேல்பாடி. தன் பாட்டனார் அரிஞ்சயனின் நினைவாக ராஜராஜன் எழுப்பிய கோயில் பொன்னையாற்றங்கரையில் அமைதியாக நிற்கிறது. இன்னும் தெற்கே வந்தால் திருவலம், நந்தி சாமியைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பியிருக்கும் கோயில். ஒரே நாளில் மூன்றையும் பேருந்திலேயே பார்க்கலாம். கிளம்பும் இடத்தில் ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வள்ளிமலை அடிவாரத்தில் தினைமாவு உருண்டை வருஷம் முழுவதும் கிடைக்க ஏற்பாடு செய்தால் கதை கேட்ட குழந்தை அதை வாயிலும் போட்டுப் பார்க்கும்.

கூத்தைச் சொல்லாமல் வட ஆற்காட்டைச் சொல்ல முடியாது. பங்குனி தொடங்கி வைகாசி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம். பகலில் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. கூத்துப் பெட்டியை வண்டியின் கூரையில் ஏற்றும்போது ஒருமுறை தாழ்ப்பாள் திறந்துகொண்டது. உள்ளே கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டியவை. கையில் வாங்கினால் தக்கை மாதிரி இருக்கிறது, கனமே இல்லை. இரவு பூராவும் சுற்றி ஆட வேண்டுமே, அதனால் அந்த மரம் என்றார் கூத்து வாத்தியார். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே தபசு மரத்தில் ஏறுவார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் கீழே ஈரச் சேலையோடு காத்திருப்பார்கள். மேலேயிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்கு முந்தானை ஏந்துவார்கள். துரியோதனன் போரில் விழுவதைக் காட்டும் படுகளத்தன்று மண்ணில் அவன் உருவம், வீட்டு நீளத்துக்குப் படுத்திருக்கும். மாலையில் தீமிதி. இதைப் பார்க்க வருகிறவருக்கு ஊர்க்காரர்களே டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள். எந்த ஊரில் எந்த வாரம் கூத்து என்பது சுவரொட்டியில் மட்டுமே இருக்கிறது. அதைத் தொகுத்து மாதம் ஒருமுறை பேருந்து நிலையங்களில் எழுதிப் போட்டால் கூத்துக் குழுக்களான ஜமாக்களுக்கும் நாலு காசு கூடுதலாகச் சேரும்.

ஆற்காட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவாவைப் பிசைந்து, நடுவில் முந்திரி பாதாம் வைத்துப் பொரித்துப் பாகில் ஊறப்போட்ட மக்கன் பேடாவை வாங்கிக்கொண்டு பாலாற்றங்கரையில் டெல்லி கேட் வரை நடக்கலாம். 1751இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் 50 நாள் முற்றுகைக்குள் இருந்த கோட்டையின் மிச்சம் அந்த வாசல்தான். ஆரணிக்குப் போகிறவர் பட்டும் பார்க்கலாம், அரிசியும் வாங்கலாம். படவேட்டில் மலையும் வாழைத்தோப்பும் ரேணுகாம்பாளும் ஒரே இடத்தில்.

"ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு" என்று வேலூரைச் சொல்லுவது வழக்கம். என் சின்ன வயதில் அது உண்மை. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பினார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது, ஊரே பாலத்தில் போய் நின்று பார்த்தது. மற்ற வருஷங்களில் மணல்தான். ஆற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததையும், அதற்காக வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கியதையும் மறைக்காமல் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் படிக்கிற வழக்கு அது. கிணற்றுத் தண்ணீர் கெட்டால் கத்தரிக்காயும் இல்லை, கூழும் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்த விஷயம் வருகிறவர்களுக்கும் தெரியட்டும்.

நான் கேட்பது இதுதான். நான்கு அலுவலகமும் சேர்ந்து ஒரு தாள். தமிழ், வங்காளம், இந்தி, ஆங்கிலம், பக்கத்து மாநிலத்தாருக்குக் கன்னடமும் தெலுங்கும். அதில் இடத்தின் பெயரை மட்டும் போடாமல், எந்த மாதம் என்ன விளையும், என்ன சாப்பிடலாம், எந்தச் சந்தை எந்தக் கிழமை, எந்தப் பேருந்து, திரும்பக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று இருக்க வேண்டும். கடைசி வண்டியைக் கட்டாயம் போடுங்கள். அது தெரியாமல் வெளியூர்க்காரர்கள் இருட்டில் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் ஒரு பலகை, பழைய பேருந்து நிலையத்தில் ஒரு பலகை. செல்ஃபி எடுக்கப் பெரிய எழுத்தில் ஊர் பெயர் வைக்கிற செலவில் இவை எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

விவரம் தொகுக்க ஆள் இல்லை என்றால் என்னைப் போல் ஓய்வுபெற்ற நடத்துநர்கள், ஓட்டுநர்கள் நான்கு மாவட்டத்திலும் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம். பாதை வாரியாக எழுதித் தருகிறோம். அணைக்கட்டு, ஒடுகத்தூர், பொன்னைப் பாதைகளுக்கு நானே எழுதி வைத்துவிட்டேன், நாற்பது பக்க நோட்டில் முப்பத்திரண்டு பக்கம் வந்திருக்கிறது.

ஒருமுறை நீங்களும் வந்து பாருங்கள். ஒரு வெள்ளிக்கிழமை, விடிகாலை முதல் வண்டியில். ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் இலவம்பாடியில் இறங்கலாம். கத்தரிக்காய் பறித்து மூட்டை கட்டுகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். கேழ்வரகுக் களியும் முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பும் செய்து வைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.